படம் முடிந்த பிறகு



விஸ்காம் படித்து முடித்த பிள்ளைகளின் கடிதங்கள் ஒவ்வோர் ஆண்டும் நம் அலுவலகத்துக்கு வரும். பெரும்பாலோர் சினிமாவில் உதவி இயக்குநராகச் சேர வழி கேட்பார்கள். நடுவில் சிலர், ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுவதாக எழுதுவார்கள். எந்த கேமரா வாங்கலாம், பணம் யார் தருவார்கள், இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா என்று அவர்கள் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள். எடுத்த படத்தை யாருக்கு, எங்கே போட்டுக் காட்டுவது என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலில் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள்ளப் போகும் கேள்வி அதுதான். அறிவுரை சொல்வதைவிட, அப்படி வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் கதையைச் சொல்வது நல்லது என்று தோன்றியது. அதனால் இந்த இதழின் ஆசிரியர் பக்கம் முழுவதும் ஆனந்த் பட்வர்தனுக்கு.

பட்வர்தன் 1950-ல் பம்பாயில் பிறந்தவர். அம்மா நிர்மலா பேர்பெற்ற மட்பாண்டக் கலைஞர். அப்பாவுடன் பிறந்த அச்யுத் பட்வர்தன், 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் தலைமறைவாக இருந்து இயங்கியவர். ஆனந்த் உதவித்தொகையில் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் தெருவில் இறங்கியிருந்த காலம் அது. சீசர் சாவேஸின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் தொண்டராகவும் வேலை பார்த்தார். 1972-ல் ஊர் திரும்பியதும் அவர் சேர்ந்த இடம் சினிமாக் கம்பெனி இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 'கிஷோர் பாரதி' என்ற கிராமக் கல்வி அமைப்பு.

படம் எடுப்பது அவருக்குத் தற்செயலாகத்தான் வாய்த்தது. 1974-ல் பீகாரில் ஜெயபிரகாஷ் நாராயண் தலைமையில் மாணவர் இயக்கம் எழுந்தபோது பாட்னா போனார். நடப்பதைப் பதிவு செய்ய கையில் கிடைத்தது சூப்பர் 8 கேமரா, வீட்டு விசேஷங்களைப் படம்பிடிக்கும் சின்னக் கருவி. அதில் எடுத்ததைத் திரையில் ஓட்டி, ஓடும் படத்தை 16 எம்.எம். கேமராவில் மறுபடி பிடித்து, ஒரு படமாகச் சேர்த்தார்கள். 'கிராந்தி கி தரங்கேன்', அதாவது 'புரட்சியின் அலைகள்', அப்படி உருவானது. படம் தயாராகி வரும் நேரத்தில், 1975 ஜூன் 25 அன்று, நெருக்கடி நிலை வந்துவிட்டது. ஜே.பி. சிறையில். அவரைப் பற்றிய படம் வைத்திருப்பதே ஆபத்து. பிரதியைத் துண்டு துண்டாக வெட்டி, தெரிந்தவர்கள் மூலம் ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பினார். பிறகு மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது துண்டுகளை ஒட்டி, அங்கிருந்த இந்தியர்களுக்குப் போட்டுக் காட்டினார். தன் நாட்டு மக்களுக்காக எடுத்த படத்தைத் தன் நாட்டில் காட்ட முடியாத நிலையில்தான் அவருடைய தொழில் வாழ்க்கை தொடங்கியது. இருபத்தைந்து வயது.

நெருக்கடி நிலை முடிந்து ஊர் திரும்பியதும் அரசியல் கைதிகளைப் பற்றி 'ஜமீர் கே பந்தி' (1978). கனடாவில் பண்ணைகளில் கூலிக்கு உழைத்த பஞ்சாபிகள் சங்கம் கட்டியதைப் பற்றி, ஜிம் மன்ரோவுடன் சேர்ந்து ஒரு படம் (1981). இவற்றைத் தாண்டி நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது 1985-ல் வந்த 'ஹமாரா ஷஹர்', 'நம் நகரம்'.

பம்பாய் நடைபாதைவாசிகளின் குடிசைகளை மாநகராட்சி இடித்துத் தள்ளிய காலத்தின் படம். இந்த வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. 1981 ஜூலையில் மகாராஷ்டிர அரசு குடிசைகளை இடித்ததோடு நிற்காமல், மக்களை பஸ்ஸில் ஏற்றிச் சொந்த ஊர்களுக்குத் திருப்பி அனுப்பியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் சேலத்துக்காரர் ஒருவரும் இருந்தார். நிலமில்லாத விவசாயக் கூலி. வறட்சியில் வேலை போய் 1961-ல் பம்பாய் வந்தவர். அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வேலை தேடி மறுபடி பம்பாய்க்கே வந்தார். அந்த வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு குடியிருப்பின் பெயர் காமராஜ் நகர். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த வழக்கில்தான், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று 1985-ல் தீர்ப்பு வந்தது. தீர்ப்பும் படமும் ஒரே ஆண்டு. தீர்ப்பில் மனுதாரர் என்று குறிப்பிடப்படுபவர்களைப் போன்றவர்களின் முகமும் குரலும் கோபமும் படத்தில் இருக்கின்றன.

அந்தப் படத்தில் ஓர் இடம் வரும். வீடு இடிபட்ட ஒரு பெண், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தே சீறுகிறார். எங்கள் கஷ்டத்தைப் படம் பிடித்து நீங்கள் பேர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். வேறொருவர் என்றால் எடிட்டிங்கில் அதை ஓசைப்படாமல் தூக்கியிருப்பார். பட்வர்தன் வைத்துக்கொண்டார். ஆவணப்படம் எடுக்க வரும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கேமராவைத் தொடவேண்டும். அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏதாவது செய்யத்தான் முடியும். 1986-ல் தென் பம்பாயில் ஒரு குடிசைப் பகுதி இடிக்கப்பட்டபோது நடிகை ஷபானா ஆஸ்மியுடன் பட்வர்தனும் உண்ணாவிரதம் இருந்தார். அந்த மக்களுக்கு மாற்றிடம் கிடைத்தது.

'ஹமாரா ஷஹர்' தேசிய விருது வாங்கியது. விருது கொடுத்ததும் அரசு, தொலைக்காட்சி நடத்தியதும் அரசு. ஆனால் தூர்தர்ஷன் படத்தை ஒளிபரப்ப மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார், பல ஆண்டுகள் வழக்காடினார், ஒளிபரப்ப வைத்தார். அன்றிலிருந்து கோர்ட் படி ஏறுவது அவருடைய தொழிலின் ஓர் அங்கமாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். நம் நாட்டில் எந்தப் படத்தையும் பொதுமக்களுக்குக் காட்ட, 1952-ம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். இது செல்லுமா செல்லாதா என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனவர் இயக்குநர் கே.ஏ. அப்பாஸ். அதுவும் ஒரு சிறிய ஆவணப்படத்துக்காக. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ், டெல்லி என்ற நான்கு நகரங்களின் ஏற்றத்தாழ்வைக் காட்டிய படம் அது. முன்தணிக்கை செல்லும் என்றது நீதிமன்றம். கதைப்படம் எடுப்பவருக்குத் தணிக்கையில் இரண்டு நிமிடம் போனால் பாட்டில் ஒரு சரணம் குறையும். ஆவணப்படக்காரருக்குப் போவது, ஒரு மனிதர் பெயரும் முகமும் மறைக்காமல் கொடுத்த சாட்சியம். அதனால்தான் ஒரு வெட்டைக்கூட ஏற்க மாட்டேன் என்று பட்வர்தன் நிற்கிறார். இது பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசியவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

1992-ல் வந்த 'ராம் கே நாம்' அயோத்திப் பிரச்சினையைப் பற்றியது. 1990 ரத யாத்திரையையும் அயோத்தியையும் பின்தொடர்ந்து, மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே எடுத்து முடித்த படம். ராம ஜென்மபூமியில் நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ், மதத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைக் கண்டித்து அதில் அமைதியாகப் பேசுகிறார். 1993-ல் அவர் கொல்லப்பட்டார். தணிக்கைத் துறை 'யு' சான்றிதழ் கொடுத்தது, தேசிய விருதும் கிடைத்தது. தூர்தர்ஷனில் வர மறுபடியும் கோர்ட். அடுத்த படம், ஆண்மை பற்றிய மிதப்புக்கும் மதக் கலவரத்துக்கும் உள்ள உறவை ஆராயும் 'பித்ரு, புத்ர அவுர் தர்மயுத்த'. 1995-ல் முடிந்த அந்தப் படம் தேசியத் தொலைக்காட்சிக்குப் போக 2006-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. படத்தின் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, முழுவதையும் சாதாரண மனிதர் ஒருவரின் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதன் பலன் அவருக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. பின்னால் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது கவசம்.

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்த பிறகு எடுக்கத் தொடங்கிய 'ஜங் அவுர் அமன்', 'போரும் அமைதியும்', இந்தியா, பாகிஸ்தான், ஜப்பான், அமெரிக்கா என்று நான்கு நாடுகளில் அலைந்து 2002-ல் முடிந்தது. தணிக்கைக் குழு 21 வெட்டு கேட்டது. 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் விடுவித்தது. இந்தப் படத்தில் பின்னணிக் குரல் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். எதிரே நிற்கும் மனிதர்களே போதும் என்ற இடத்திலும் விளக்கம் வந்து விழுகிறது. பாகிஸ்தான் பள்ளி மாணவிகளோடு அவர் உரையாடும் பகுதியில் விளக்கத்துக்கு வேலையே இல்லை. அந்தப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பணத்துக்கு வருகிறேன், கடிதம் எழுதியவர்கள் கேட்டதாயிற்றே. அரசிடமும் பெரிய நிறுவனங்களிடமும் கைநீட்டாமல் இவ்வளவு நாள் எப்படி? முதல் காரணம் சிக்கனம். பெரும்பாலும் அவரே கேமரா, அவரே எடிட்டிங். கூட வருபவர் ஓரிருவர். பிலிம் சுருள் விலைக்கு பயந்து எண்ணி எண்ணி எடுத்த காலம் போய், தொண்ணூறுகளில் வீடியோ வந்ததும் தயங்காமல் அதற்கு மாறினார். சிமந்தினி துருவுடன் சேர்ந்து எடுத்த 'நர்மதா டைரி' (1995) வீடியோவில் வந்ததுதான். அணையை எதிர்த்த மக்களோடு அத்தனை காலம் தங்கி எடுக்க, பிலிம் விலையில் கட்டுப்படியாகியிருக்காது. இரண்டாவது, பழைய படங்கள் சாகாமல் பார்த்துக்கொள்வது. வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளும் பல்கலைக்கழக நூலகங்களும் வாங்கும். திரையிடலுக்குப் போகும் இடத்தில் டிவிடி விற்கும். ஒரு படத்தின் வரவு அடுத்த படத்துக்குப் போகும். இதில் யாரும் பணக்காரர் ஆகிவிட முடியாது. மாதச் சம்பளம் எதிர்பார்ப்பவர்கள் கூடவே வேறு வேலை ஒன்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஆவணப்படக்காரர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

'ஹமாரா ஷஹர்' படத்தில் ஒரு பாடகர் வருவார். விலாஸ் கோக்ரே, தலித் கவிஞர், இடதுசாரி மேடைகளில் பாடியவர். 1997 ஜூலை 11 அன்று, காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டதைக் கண்டித்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். அது தாளாமல், சில நாட்களில் விலாஸ் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் படத்தில் பாடியவரின் சாவுக்குப் போன பட்வர்தன், அந்த வீட்டிலிருந்தே இன்னொரு படத்தைத் தொடங்கினார். 'ஜெய் பீம் காம்ரேட்' முடிய 14 ஆண்டுகள் ஆயின.

என்னைக் கேட்டால் அவருடைய படங்களில் சிகரம் இதுதான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். துப்பாக்கிச் சூடு வழக்கு கோர்ட்டில் நகர்ந்து நகர்ந்து போவதற்கு இணையாகப் படமும் காத்திருக்கிறது. ஆட்சிகள் மாறுகின்றன, கூட்டணிகள் மாறுகின்றன. இவ்வளவுக்கும் நடுவில் பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. சேரிகளிலும் சால் என்ற தொழிலாளர் குடியிருப்புகளிலும் மராத்தியில் ஆணும் பெண்ணும் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். பின்பகுதியில் புனேயின் 'கபீர் கலா மஞ்ச்' கலைக்குழு இளைஞர்கள் வருகிறார்கள். அவர்கள் மீது மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டு வந்து, சிலர் தலைமறைவானபோது, அவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் குழு அமைத்தவர்களில் பட்வர்தனும் ஒருவர். படத்தை முதலில் கொண்டுபோனது மல்டிபிளெக்ஸுக்கு அல்ல. அந்த மக்கள் வாழும் இடங்களிலேயே திரை கட்டிக் காட்டினார். தங்கள் ஊரின் சாவையும் பாட்டையும் அவர்கள் தங்கள் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். 'ஹமாரா ஷஹர்' படத்தில் அந்தப் பெண் கேட்டதற்கு ஏதேனும் பதில் உண்டென்றால் இந்த மாதிரித் திரையிடல்களில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தன் படத்துக்காக மட்டும் அவர் ஓடவில்லை. மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று ஒரு விதி வந்தபோது நாடெங்கும் ஆவணப்பட இயக்குநர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். விதி போயிற்று, ஆனால் அரசைக் கேள்வி கேட்ட பல படங்கள் தேர்விலேயே கழிக்கப்பட்டன. 2004-ல் அந்த விழா நடந்த அதே நாட்களில், அதே நகரில், நிராகரிக்கப்பட்ட படங்களை வைத்து 'விகல்ப்' என்ற மாற்று விழாவை நடத்தினார்கள். பின்னர் பிருத்வி தியேட்டரில் மாதந்தோறும் மற்றவர்களின் ஆவணப்படங்களைப் போட ஏற்பாடு செய்ததிலும் அவர் முன்நின்றார். பகுத்தறிவுச் சிந்தனையாளர்கள் நரேந்திர தபோல்கர், கோவிந்த் பன்சாரே, கல்புர்கி, பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் ஆகியோர் கொல்லப்பட்ட காலத்தைப் பதிவு செய்த 'விவேக்' 2018-ல் ஆம்ஸ்டர்டாம் விழாவில் சிறந்த படத்துக்கான விருது பெற்றது. அடுத்த ஆண்டு திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவில் காட்ட மத்திய அரசு அனுமதி மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரையிட்டார்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்த்தால், நான் செய்யும் இதே வேலையைச் செய்த ஒருவர்தான் முன்னோடி. 'குமரி மலர்' ஆசிரியர் ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து கப்பலில் போகும்போது தோன்றியது. பிறகு நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த காட்சிகளை 50,000 அடிக்குத் தேடிச் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடிப் படத்தை உருவாக்கி 1940-ல் தமிழில் வெளியிட்டார். அந்தத் தமிழ்ப் படம் இன்று நாம் பார்க்கக் கிடைக்கவில்லை. உலகம் சுற்றி ஒரு மனிதர் சேர்த்ததை நாம் ஓர் அலமாரியில் பத்திரமாக வைத்துக் காட்டத் தவறினோம். இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

செட்டியாரின் வாரிசுகள் இல்லாமல் இல்லை. அமுதன் ஆர்.பி. மதுரையில் ஒரு பெண் துப்புரவுத் தொழிலாளியின் வேலையை அப்படியே பதிவு செய்து 2003-ல் 'பீ' எடுத்தார். மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் என்று கதிர்வீச்சு பற்றி வரிசையாக எடுத்தார். 'மறுபக்கம்' அமைப்பின் மூலம் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழாவும் நடத்திவருகிறார். இங்கேயும் பாருங்கள், எடுப்பவரே காட்டுபவராகவும் ஆகவேண்டியிருக்கிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' 2017-ல் வந்தபோது ஊர் ஊராகத் திரையிட அனுமதி மறுக்கப்பட்டது. அவர் அதை யூடியூபில் ஏற்றினார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

அப்படியென்றால் யூடியூப் போதுமே, திரை கட்டி நாற்காலி போட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் சொல்வேன். போனில் தனியாகப் பார்ப்பவர் பத்தாவது நிமிடத்தில் வேறொன்றுக்குப் போய்விடலாம். ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து பார்ப்பவர் எழுந்து போகத் தயங்குவார். விளக்கு போட்டதும் பக்கத்தில் இருப்பவரோடு சண்டையாவது போடுவார். அந்தச் சண்டை நடக்கவேண்டும் என்றுதான் இந்தப் படங்களை எடுக்கிறார்கள்.

2023-ல் வந்த பட்வர்தனின் 'வசுதைவ குடும்பகம்' முந்தைய படங்களைப் போல இல்லை. வயதாகிக்கொண்டிருந்த அப்பா அம்மாவை வீட்டில் அவ்வப்போது எடுத்து வைத்திருந்த காட்சிகளிலிருந்து பிறந்தது. சுதந்திரப் போராட்டத்தின் நினைவுகளை இரண்டு முதியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்கலாம். அவரை அரசியல் படக்காரர் என்று ஒதுக்கி வைத்திருக்கும் வாசகர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். பழைய படங்களில் பலவற்றை யூடியூபிலும் தேடிப் பார்க்கலாம்.

கடிதம் எழுதிய பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. கேமரா வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் வேறு யாராவது எடுத்த ஓர் ஆவணப்படத்தை, இயக்குநரிடம் அனுமதி கேட்டு, உங்கள் தெருவில் போட்டுக் காட்டுங்கள். இடம் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, கரன்ட் போனால் சமாளிப்பது, படம் முடிந்ததும் எழும் கேள்விகளுக்கு முகம் கொடுப்பது எல்லாம் அதில் பழகிவிடும்.

மற்ற வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நூலகக் கூடமோ, பள்ளி வகுப்பறையோ, சங்கக் கட்டடமோ, மழைக்கு ஒதுங்கும் அளவுக்கு ஒரு மொட்டை மாடிக் கொட்டகையோ மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குக் கிடைக்குமானால் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை பேர் உட்காரலாம், ப்ரொஜெக்டர் உண்டா, யாரைத் தொடர்புகொள்வது என்று இரண்டு வரி போதும். வரும் இதழ்களில் ஊர் வாரியாக ஒரு பட்டியல் வெளியிடுவோம். படத்தோடு வர ஆவலாய் இருக்கும் இயக்குநர்கள் அதைப் பார்த்து உங்களைத் தேடி வருவார்கள். அவர்களுக்கு பஸ் கட்டணமும் ஒரு வேளைச் சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்